ஊர் திரும்பும் வீட்டில், ஊரை விட்டு வரும் மகள்

(மீள்குடியேறும் குடும்பங்களுடனான கலந்துரையாடலில் உளசமூக உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



அன்பான தாய்மாரே, தந்தைமாரே,

காணிப் பத்திரம், வீட்டுத் திட்டம், உலர் உணவு, கிணறு துப்பரவாக்கல், மிதிவெடி அபாயம் ஆகியவை பற்றி உங்களுக்குப் பலரும் விளக்கம் தருகிறார்கள். நான் கதைக்கப்போவது எந்தப் படிவத்திலும் இடம் இல்லாத ஒரு விடயம். உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பெண்பிள்ளை இருந்தால், அவளுடைய மனதைப் பற்றியது இது.

1990 ஒக்டோபரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அன்று உங்களில் பலர் சிறுவர்கள். சில தாய்மார் இன்று தங்கள் மகள் இருக்கிற அதே வயதில் இருந்தார்கள்.

அன்றிலிருந்து நீங்கள் ஊரை மனதில் சுமந்துகொண்டு வாழ்ந்தீர்கள். கிணற்றடி, பள்ளிவாசல், முற்றத்து மாமரம் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆகவே நீங்கள் போவதைத் திரும்பிப் போவது என்று சொல்வது சரி.

ஆனால் உங்கள் மகள் திரும்பிப் போகவில்லை. அவள் புத்தளத்தில் பிறந்தவள். முதல் வகுப்பில் இருந்தது, குர்ஆன் ஓதப் பழகியது, முதல் கூட்டாளி கிடைத்தது எல்லாம் அங்கேதான். நீங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக "முகாம்" என்றும் "தற்காலிகம்" என்றும் சொன்ன இடத்தை அவள் வீடு என்று நினைத்து வளர்ந்தாள். களப்புக் காற்று, உப்பளம், கல்பிட்டி வெங்காயத் தோட்டம், ஓலை வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்கும் அடுத்த வீட்டுச் சத்தம் ஆகியவைதான் அவளுடைய ஊர். நீங்கள் 1990இல் ஊரை இழந்தீர்கள். அவள் இப்போது இழக்கிறாள். இந்த ஒரு விடயத்தை நீங்கள் விளங்கிக்கொண்டால் நான் இன்று வந்த வேலை பாதி முடிந்துவிடும்.

உங்களைப் பலாத்காரமாக வெளியேற்றினார்கள். அவளை அன்போடு அழைத்துப் போகிறீர்கள். இரண்டும் ஒன்று அல்ல. ஆனாலும் பழகிய இடத்தைப் பிரிகிற வேதனை அவளுக்கும் உண்மையானதே. அது நன்றி கெட்டதனம் அல்ல, ஊர்ப்பற்று இல்லாமையும் அல்ல.

அவளுக்கு மாறுவது என்ன?

முதலாவது, பெயர். புத்தளத்தில் அவளை "அகதிப் பிள்ளை" என்று சிலர் சொன்னார்கள். அவள் அங்கே பிறந்தவள் என்றாலும் "யாழ்ப்பாணத்தார்", "மன்னார்க்காரர்" என்ற பெயர் போகவில்லை. இப்போது வடக்கே வந்ததும் "புத்தளத்துப் பிள்ளை" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வெளியாளாக இருப்பது வளர்கிற வயதில் மிகவும் வலிக்கும். "நான் யார், எந்த ஊர்?" என்று தன்னையே கேட்கும் வயது அது.

இரண்டாவது, சூழல். முசலிப் பக்கம், சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி போன்ற ஊர்களுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: காணிகளில் காடு வளர்ந்து நின்றது. வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம். பொழுது பட்டால் இருட்டு, யானைப் பயம். பஸ் குறைவு. நெருக்கமான முகாமில், சுவர்கூட இல்லாத அயலில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த அமைதி நிம்மதியைத் தராது. அது பயத்தைத் தரும். இரவில் நித்திரை வராது.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் போகிறவர்களுக்கு வேறு விதமான மாற்றம். இடிந்த வீடுகளுக்கு நடுவே திருத்திய ஒரு வீடு. சில பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் தனி ஒருத்தியாக இருக்க நேரும். அவளுடைய பேச்சு அங்கே வேறாகக் கேட்கும். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதும் யாரோ சிரித்தால், அடுத்த நாள் அவள் வாய் திறக்கமாட்டாள். தலையை மூடும் பர்தாவைப் பற்றி யாரோ கேள்வி கேட்டால், கேட்டவர் அறியும் ஆசையில் கேட்டிருந்தாலும், அவளுக்கு அது கூச்சமாக இருக்கும்.

மூன்றாவது, மறைவு. குமர்ப்பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். தகரக் கொட்டிலில் கதவு சரியாக இல்லை, கிணற்றடி திறந்த வெளியில் இருக்கிறது, மலசலகூடம் இன்னும் கட்டி முடியவில்லை என்றால், ஆண்களுக்கு அது சில மாதக் கஷ்டம். பெண்பிள்ளைக்கு அது ஒவ்வொரு நாளும் பயம். மாதவிடாய் நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள், பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறாள், இருட்டும்வரை காத்திருந்து வெளியே போகிறாள். இதை அவள் வாப்பாவிடம் சொல்லமாட்டாள். உம்மாவிடம் சொல்லவும் சில நேரம் வெட்கப்படுவாள்.

நான்காவது, சுதந்திரம். முகாமில் அவள் நாலு வீடு தள்ளியுள்ள சாச்சி வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தாள். இங்கே, புது இடம் என்ற பயத்தில் நீங்கள் அவளை வாசலுக்கும் விடுவதில்லை. உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் கூட்டாளிகள் இல்லை, பாடசாலை தூரம், வெளியே போக முடியாது, வீட்டில் சமையலும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் அவள் தலையில் என்று ஆனால், அவளுடைய நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல குடும்பங்களில் வாப்பா தொழிலுக்காகப் புத்தளத்துக்கும் ஊருக்கும் இடையே போய் வருகிறார். அந்த நாட்களில் உம்மாவின் சுமையில் பாதியை மூத்த மகள்தான் தூக்குகிறாள்.

கவலை எது, நோய் எது?

புது இடத்துக்கு வந்த பிள்ளை அழுவதும், பழைய கூட்டாளிகளை நினைப்பதும், "திரும்பிப் போவோம்" என்று கோபப்படுவதும் நோய் அல்ல. அது பிரிவுத் துயரம். பெரும்பாலான பிள்ளைகள் நாளடைவில், வீட்டாரின் ஆதரவு இருந்தால், பழகிக்கொள்வார்கள்.

ஆனால் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். நித்திரை வராமல் இருத்தல், அல்லது எந்நேரமும் படுத்துக் கிடத்தல். சாப்பாட்டில் விருப்பம் இல்லாமை. காரணம் தெரியாத தலையிடி, வயிற்று வலி, நெஞ்சு படபடப்பு, அடிக்கடி மயக்கம். முன்பு விரும்பிச் செய்ததில் நாட்டம் இல்லாமை. தலை வாருவதையும் உடுப்பு மாற்றுவதையும்கூட விட்டுவிடுதல். சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுதல், அல்லது ஒரு சொல்லும் பேசாமல் இருத்தல். படிப்பில் திடீர்ச் சரிவு. இப்படியானவை நாளாந்தம் இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால், அது வெறும் கவலை அல்ல. மனச்சோர்வாகவோ பதகளிப்பாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லிப் பழகவில்லை. "தலை இடிக்குது", "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள். அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். வலி உண்மையானதே. முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். உடலில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால், பிள்ளை பொய் சொன்னாள் என்று எடுக்காதீர்கள். மனதைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுங்கள்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் மனதுக்கு ஆறுதல் தரும். அதை நான் தடுக்க வரவில்லை. வைத்தியத்தையும் சேர்த்துச் செய்யுங்கள் என்றே கேட்கிறேன். ஓதிய தண்ணீரையும் மாத்திரையையும் ஒரே கிழமையில் கொடுக்கலாம். ஆனால் பிள்ளையை அடிப்பது, கட்டி வைப்பது, புகை காட்டுவது போன்றவற்றை யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்.

புறப்பட முன் செய்யக்கூடியவை

முடிந்தால் குடும்பமாகக் குடியேற முன், ஒரு பாடசாலை விடுமுறையில் அவளை ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். காணியை மட்டும் காட்டாமல், அவள் படிக்கப்போகும் பாடசாலையையும், பஸ் நிற்கும் இடத்தையும் காட்டுங்கள். தெரிந்த இடத்துக்குப் போகும்போது பயம் குறையும்.

தவணை நடுவில் பிள்ளையை மாற்றாதீர்கள். விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டே புறப்படுங்கள். பத்திரம் இல்லாமல் இரண்டு மாதம் வீட்டில் இருந்த பிள்ளை பிறகு பாடசாலைக்குப் போக மறுப்பது வழமை.

க.பொ.த. சாதாரண தரம் எழுதும் ஆண்டில் உள்ள பிள்ளையைச் சிலர் புத்தளத்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். சில வேளை அது நல்ல முடிவு. ஆனால் அவளைக் கேட்டு முடிவெடுங்கள். விட்டுவிட்டு வந்தால், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தொலைபேசி எடுங்கள். அந்த வீட்டில் அவளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அவளிடமே, தனியாக, கேளுங்கள்.

அவள் கொண்டுவர விரும்பும் பொருட்களை அவளே தெரிவு செய்யட்டும். ஒரு பழைய கொப்பி, கூட்டாளி தந்த வளையல், ஒரு பூங்கன்று. லொறியில் இடம் இல்லை என்று அதை எறியாதீர்கள். 1990இல் ஒரு பையோடு வந்தவர்களுக்கு ஒரு சின்னப் பொருளின் பெறுமதி தெரியும். கூட்டாளிகளுக்கும் ஆசிரியைக்கும் அயலாருக்கும் சலாம் சொல்லிப் புறப்பட அவளுக்கு ஒரு நாள் கொடுங்கள். உங்களுக்கு அன்று யாரிடமும் பயணம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு அது முடியும்.

வந்த பிறகு செய்யக்கூடியவை

முதல் வேலையாக மறைவான குளிக்கும் இடத்தையும் பூட்டுள்ள மலசலகூடத்தையும் அமையுங்கள். நிரந்தர வீடு பிந்தினாலும் பரவாயில்லை. நாலு தடியும் தகரமும் தறப்பாளும் போதும். உதவிப் பொருட்கள் கேட்கும்போது இதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

இரண்டாவது, பாடசாலை. புது வாழ்க்கைக்கு நேர அட்டவணையும் கூட்டாளிகளும் அவளுக்கு அங்கேதான் கிடைக்கும். இலங்கையில் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள். பாதை பயமாக இருந்தால், அயல் வீடுகள் சேர்ந்து பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்புங்கள். முறை வைத்து ஒரு பெரியவர் கூடப் போகலாம். வகுப்பு ஆசிரியையிடம் "இவள் புதிதாக வந்தவள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மூன்றாவது, புத்தளத்தைப் பற்றிக் கதைக்க அவளுக்கு அனுமதி கொடுங்கள். "அங்கே என்ன இருந்தது, குடிசைதானே" என்று சொல்லாதீர்கள். "எங்கள் காலத்தில் நாங்கள் பட்ட கஷ்டத்துக்கு இது ஒன்றுமில்லை" என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கவலை போய்விடாது. அவள் அதை உங்களிடம் இருந்து மறைக்கப் பழகிவிடுவாள். பழைய கூட்டாளிகளோடு கதைக்கக் கிழமையில் ஒரு நாளாவது தொலைபேசியைக் கொடுங்கள். பெருநாளுக்கோ விடுமுறைக்கோ ஒருமுறை கூட்டிப்போங்கள். அங்கே தன் தொடர்பு அறுந்துவிடவில்லை என்று தெரிந்த பிள்ளை இங்கே விரைவாக வேர் விடும்.

நான்காவது, உங்கள் கதை. சில வீடுகளில் 1990ஐப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. சில வீடுகளில் இரவும் பகலும் அதே பேச்சு. இரண்டும் பிள்ளைக்குச் சுமை. அளவாக, உண்மையாகச் சொல்லுங்கள். இழந்ததை மட்டும் சொல்லாமல், அந்த ஊரில் நீங்கள் எங்கே விளையாடினீர்கள், யாரோடு பள்ளிக்குப் போனீர்கள், பெருநாள் பலகாரம் எந்த வீடுகளுக்கு எல்லாம் போனது என்று சொல்லுங்கள். உம்மம்மா உயிரோடு இருந்தால் பேத்தியை அவரோடு ஊரைச் சுற்றி நடக்க விடுங்கள். அப்போது உங்கள் ஊர் அவளுடைய ஊராகவும் ஆகும்.

அந்தக் கதைகளோடு வெறுப்பைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அவள் பக்கத்தில் இருக்கப்போகும் தமிழ்ப் பிள்ளையின் குடும்பமும் போரில் பலமுறை இடம்பெயர்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளையும் தறப்பாளின் கீழ் தூங்கியிருக்கலாம். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளும் நாள் வந்தால், எங்கள் கலந்துரையாடல்கள் செய்யாத வேலையை அது செய்யும்.

கலியாணம் மருந்து அல்ல

இதைச் சொல்லாமல் விட்டால் என் உரை நேர்மையாக இராது. "பிள்ளை ஒரு மாதிரியாக இருக்கிறாள், கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். புது இடத்தில் குமர்ப்பிள்ளையை வைத்திருப்பது பொறுப்பு என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். ஆனால் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்குப் புது வீடு, புது மனிதர்கள், கர்ப்பம், பிள்ளைப்பேறு எல்லாம் இன்னொரு இடப்பெயர்வு. ஏற்கெனவே ஒரு மாற்றத்தைத் தாங்க முடியாமல் இருப்பவளுக்கு அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொடுப்பது தீர்வு அல்ல. முதலில் அவள் குணமாகட்டும், படிக்கட்டும், வளரட்டும்.

உடனே உதவி கேட்க வேண்டிய நேரம்

"நான் இருந்து என்ன பிரயோசனம்", "செத்தால் நல்லது" என்ற பேச்சு வந்தால், அல்லது அவள் தன்னைத் தானே காயப்படுத்தியிருப்பதைக் கண்டால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா மகள்?" என்று நேராக, அமைதியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்ல ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே வரும். ஏசாதீர்கள், "ஹறாம்" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். அவளைத் தனியே விடாதீர்கள்.

வயல் செய்கிற வீடுகளில் பூச்சிகொல்லியையும், எல்லா வீடுகளிலும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. மிக நச்சான பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டதும் இறப்புகள் பெருமளவு குறைந்தன. ஒரு நிமிட வேதனையில் கைக்கு எட்டாமல் இருந்தது பலருடைய உயிரைக் காப்பாற்றியது. உங்கள் வீட்டுப் பூட்டும் அதே வேலையைச் செய்யும்.

உதவிக்கு முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். அவர் வீட்டுக்கு வருபவர், பெண். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடம் கதைக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் மன்னார் பொது வைத்தியசாலையிலும் உளநலச் சிகிச்சை இலவசம். தொலைபேசியில் கதைப்பதானால், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளையின் கண்ணிலும் படட்டும்.

"பைத்தியம் என்று பெயர் வந்தால் நாளைக்கு யார் பெண் கேட்பார்கள்?" என்ற பயம் உங்களைத் தடுக்கக்கூடும். காய்ச்சலுக்கு மருந்து எடுத்த பிள்ளையை யாரும் ஒதுக்குவதில்லை. மனதுக்கு மருந்து எடுப்பதும் அதே போலத்தான். நீங்கள் சொன்ன விடயத்தை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் கடமை; எங்களுடைய கடமையும் அதுதான்.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். 1990இல் உங்களிடம் "உனக்கு எப்படி இருக்கிறது மகள்?" என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பெரியவர்கள் உயிரையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துயரம் இன்னும் உங்களுக்குள் இருந்தால், நீங்களும் உதவி கேட்கலாம். உம்மா ஆறினால் மகளும் ஆறுவாள்.

இன்று வீட்டுக்குப் போனதும் வேலைகளை ஒரு பத்து நிமிடம் தள்ளி வையுங்கள். மகளுக்குப் பக்கத்தில் இருங்கள். "புத்தளத்தில் உனக்கு எதை விட்டு வருவது கஷ்டம்?" என்று கேளுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால், "எதை நினைத்தால் அழுகை வருகிறது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம். முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் விடலாம். நாளைக்கும் கேளுங்கள்.

அல்லாஹ் உங்கள் வீடுகளிலும் பிள்ளைகளின் மனங்களிலும் நிம்மதியைத் தருவானாக. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். எல்லோர் முன்னும் கேட்க முடியாதவர்கள், கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் தனியாக வாருங்கள். நான் இருப்பேன்.